மெட்டி விரல்

மண்டபத்தில், ரயில் போகும்போது
மைக்ராஸ்கோப் நடுங்கும் அறையில்
என் வேலை எண்ணுவது.
ஒரு குழிக்குப் பத்து உப்பிறால் குஞ்சு,
ஒரு தட்டில் இருபத்து நான்கு குழி.
ஒரு நாள் கழித்து
எத்தனை நீந்துகின்றன, எத்தனை நீந்தவில்லை.
பத்து விநாடி அசையாவிட்டால்
செத்தது என்று எழுது என்பது விதி.

குழியில் நாங்கள் ஊற்றுவது வெள்ளி.
வெள்ளி என்றால் வெளுப்பில்லை.
கட்டக்கோரையைக் காய்ச்சி வடித்த சாற்றில்
வெள்ளி உப்பைச் சொட்டவிட்டால்
முதலில் மோர்க்குழம்பு மஞ்சள்,
சாப்பாட்டு நேரத்துக்குள் வரக்காப்பி.
அந்தக் காப்பியில் மிதப்பவற்றை
ஒரு தலைமயிரின் அகலத்தில்
நாலாயிரம் பேராக வரிசையில் நிறுத்தலாம்.

கோரை கொண்டுவருபவள் பூமயில், சின்னப்பாலம்.
விரல் நுனியில் துணி சுற்றி
பாதத்தில் அலுமினியத் தட்டு கட்டி
அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்
கடலுக்குள் இறங்குவாள்.
தைப்பூசத்துக்கு மறுநாள் தட்டு நழுவி
பார் கிழித்தது.
இடது கால், மெட்டி விரல். சர்க்கரை உடம்பு.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில்
விரலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.
இரண்டு வாரம் பார்ப்போமே என்றாள்
நர்ஸ் இதயமேரி.
வீங்கிய விரலில் கட்டரை நுழைத்து
மெட்டியை அறுத்தாள்.
தாளில் மடித்துக் கையில் கொடுத்தாள்.
பிறகு அதே விரலைச் சுற்றி
வெள்ளித் துகள் ஊறிய பட்டை.
"ஒண்ணக் கழட்டிட்டு ஒண்ணப் போடுறீகளே"
என்று அந்த வலியிலும் சிரித்தாளாம் பூமயில்.

நாலாம் நாள் நாற்றம் நின்றது.
பதினோராம் நாள் சிவப்புச் சதை.

அதே வாரம் என் தட்டில்
கடைசி வரிசையில் பத்துக்குப் பத்தும்
அடியில் கிடந்தன.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு"
என்றார் பக்கத்து மேசை ரிபாயுதீன், டீயை ஆற்றியபடி.
சொல்லிவைத்தவர்
மிஞ்சுவதை மட்டும்தான் பார்த்திருந்தார்.
சிறுத்துச் சிறுத்து
ஒரு உலோகம் தன் குணத்தையே
மாற்றிக்கொள்ளும் என்று
அவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்.
எடையும் அளவு, பருமனும் அளவு
தமிழில். எங்கள் தாளில்
அவை இரண்டு தனிப் பத்திகள்,
இரண்டாவது பாதி காலி.

மாசிப் பௌர்ணமிக்கு மூட்டையோடு வந்தாள்.
காலில் பட்டை இல்லை.
இன்னும் ஒன்பது நாள் இருக்க வேண்டியது.
"பார்ல கழண்டு போச்சு. புண்ணுதான் ஆறிருச்சே.
இந்த ஆறு நாள விட்டா
அடுத்த ஆறு நாள் வரைக்கும் யாரு சோறு போடுவா?"
புதுத்தோலில் பென்சில் கரிபோல
ஒரு சாம்பல் தடம்.

வெள்ளியைக் கடலில் விடக்கூடாது பூமயில் என்றேன்.
முந்தியை அவிழ்த்தாள்.
தாளுக்குள் அறுந்த மெட்டி.
"இத இருபத்தாறு வருசமா
அதே கடல்லதான் முக்கி எடுத்தேன்.
கடலுக்கு என்ன ஆச்சு? எனக்கு என்ன ஆச்சு?"

பதில் வைத்திருந்தேன்.
அது ஒரு கட்டி, அக்கா, வெளியிலேயே நிற்கும்.
இது உள்ளே போகும்.
கிருமிக்குள் போவதால்தான் உன் விரல் உன்னிடம் இருக்கிறது.
கிருமியோடு நிற்குமா என்பதுதான்...
அங்கே நின்றுவிட்டேன்.
ஒரு பட்டையில் எவ்வளவு,
பாம்பன் நீரோட்டம் அதை எவ்வளவு கரைக்கும்?
என் குழி இரண்டு மில்லி.
இரண்டு மில்லியில் நின்றுகொண்டு
கடலைப் பற்றி என்ன பேசுவது.

அவள் மூட்டையைத் தராசில் ஏற்றினாள்.
பதினோரு கிலோ. ஈரம் கழித்துப் பத்து என்றேன்.
சண்டை போட்டாள். பதினொன்றே எழுதினேன்.
நாளைக்கு இதைத்தான் காய்ச்ச வேண்டும்.

சாயங்காலம் முதல் வரிசை,
ஆகக் குறைந்த அளவு, ஏழாம் குழி.
ஒன்பது நீந்துகின்றன.
ஒன்று பக்கவாட்டில் கிடக்கிறது.
எட்டு, ஒன்பது, பத்து.
பென்சில் தாளைத் தொட்டுவிட்டது.
பதினான்கில் ஒரு கால் அசைந்தது,
அல்லது ரயில் போனது.

பூமயில் ஒரு மூச்சுக்கு
எண்பது வரை எண்ணுவாளாம்.

பென்சிலை வைத்துவிட்டு
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.